காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பது வேறு. அஃது இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் பிழைக்குக் குரங்கு மலேரியா ஆய்வின் வரலாறு நல்ல சான்றாகும்.

ஜோகூர்வாசி ஒருவருக்குக் கண்ட காய்ச்சல், குரங்குகளிடம் வாழ்ந்து கொசுவழியே மனிதரைப் பற்றும் நோலசி ஒட்டுண்ணியால் வந்ததாகலாம் என 1971இல் ஃபோங், கேடிகன், கோட்னி ஆகியோர் எழுதினர். ‘ஆகலாம்’ என்னும் தயக்கம் அவர்தம் நேர்மையைக் காட்டும். நுண்ணோக்கியில் நோலசியின் இளம்பருவம் ஃபால்சிபாரம் என்னும் மனித ஒட்டுண்ணியையும், முதிர்பருவம் மலேரியே என்பதையும் ஒத்திருக்கும். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படிப்பது போன்றதே இதுவும். ஆனால் சுவடி படிப்போர்க்கு முன்பின் சொற்கள் துணைசெய்யும். இரத்தத் தகடு படிப்போர்க்கு அத்துணை இல்லை.

அத்துணையை மூலக்கூற்றுச் சோதனை அளித்தது. சரவாக்கின் காப்பிட் வட்டார மலேரியா நோயாளர் 208 பேரின் இரத்தத்தைப் பால்பீர் சிங் குழுவினர் பி.சி.ஆர். முறையில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். 120 பேரிடம் நோலசி இருந்தது. மலேரியே ஒருவரிடமும் இல்லை. இவ்வாய்வின் பெருமை மறுக்கற்பாலதன்று. எனினும் குறைகள் இரண்டு உள. அதிற் பயன்பட்ட பிரைமர்கள் சில வைவாக்ஸ் மாதிரிகளையும் நோலசி எனக் காட்டக்கூடும் என்பது 2009இல் தெரியவந்தது. மேலும், ஆராயப்பட்டோர் முன்னரே நோயாளரெனக் கண்டறியப்பட்டவர். காய்ச்சலின்றிச் சிற்றளவு ஒட்டுண்ணியைச் சுமப்போர் அதில் இடம்பெறவில்லை.

அன்னோரைக் கண்டறிய, சில படிகளே உள்ள மரபணுவைத் தேடுவதினும், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் உருவாகும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைத் தேடுதல் நுட்பமானது. ஆயினும் ஒரு கணக்கு மறக்கற்பாலதன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 ஒட்டுண்ணிகள் இருப்பின், 5 மைக்ரோலிட்டரில் சராசரியாக அரை ஒட்டுண்ணியே இருக்கும். எடுத்த துளியில் ஒட்டுண்ணியே வராவிடின் சோதனையின் கூர்மையால் பயன் யாது? ஆதலின், சோதனையின் நுட்பத்தைப் புகழும் கட்டுரை, எடுத்த இரத்தத்தின் அளவையும் கூறியாகவேண்டும்.

2018இல் மலேசியாவில் மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று ஒன்றும் பதிவாகவில்லை. அதே ஆண்டில் நோலசி 4,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது. காட்டோரத்தில் உழைப்போர் கையில் தரப்படும் சீட்டில் ‘ஒட்டுண்ணி இல்லை’ என்றெழுதுதல் எளிது. ‘இவ்வளவு இரத்தத்தில், இம்முறையால் காணப்படவில்லை’ என்று எழுதுதலே உண்மை. காய்ச்சல் மீண்டும் கண்டால் அவரைத் திரும்பி வரச்செய்வதும் அவ்வுண்மையே.