பின்னால் இழுத்துக்கொண்ட மட்டை

பிப்ரவரி நடுவில் கல்லூரி பேஸ்பால் சீசன் தொடங்கினால் அடுத்த வாரமே அந்தப் பேச்சும் தொடங்கிவிடும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் இருக்கிற அணி பன்ட் ஆடி ஆடியே, அதாவது பந்தை வீசி அடிக்காமல் மட்டையால் மெதுவாகத் தட்டி வைத்தே, பின்தங்கிப் போய்விட்டது என்கிற பேச்சு. அணியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1975-ல் கல்லூரி விளையாட்டின் உச்சநிலையான டிவிஷன் 1-க்குள் நுழைந்த அதே வருடம், தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்குப் போன அணி. 1979, 1984, 1995, 2004 என்று நான்கு பத்தாண்டுகளில் நான்கு தேசியப் பட்டங்கள், மொத்தம் 18 முறை ஒமாஹா. இத்தனையும் செய்தது, மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்துபோகிற ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அமெரிக்கக் கால்பந்து அணியைக்கூட 1992 சீசனோடு கலைத்துவிட்டார்கள்.

இந்தச் சாதனையைப் புகழ்கிறவர்கள் சொல்வதும் எனக்கு உவப்பாக இல்லை. பணம் இல்லாத இடம், பெரிய தோள்கள் கிடைக்காத அணி, அதனால் ஓர் அவுட்டைக் கொடுத்து ஒரு பேஸை வாங்கிப் பொறுமையாக ஜெயித்தார்கள் என்று எழுதுகிறார்கள். புகழ்வோரும் பழிப்போரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். இருவர் கண்ணிலும் பன்ட் என்பது விட்டுக்கொடுத்தல். அந்த அணி உச்சத்தில் இருந்த நாட்களின் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லூரி பேஸ்பாலில் அதைவிட முரட்டுத்தனமான தாக்குதல் இருந்ததில்லை.

அடிக்கும் வரிசையில் இரண்டாவதாக வருபவரை மட்டும் கவனித்தால் போதும். நான்காவது இன்னிங்ஸ், முதல் பேஸில் ரன்னர், அவுட் எதுவும் இல்லை. பிட்சர் வீசத் தயாராகும்போதே இவர் உடலைத் திருப்பி மட்டையைக் குறுக்கே நீட்டுகிறார். மூன்றாம் பேஸ்காரர் முன்னால் பாய்கிறார். ரன்னர் விலகாதபடி பேஸை ஒட்டி நின்றிருந்த முதல் பேஸ்காரரும் பந்து கிளம்பியதும் ஓடி வருகிறார். அவர் விட்டுவந்த பேஸை மூட இரண்டாம் பேஸ்காரர் போக, ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறார். மூன்றாம் பேஸில் ஒருவரும் இல்லை. பிட்சரின் கையிலிருந்து பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் இவர் மட்டையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். பந்து கேட்சரின் கையுறைக்குள் போகிறது. நடுவர் அதை 'பால்' என்கிறார். ஸ்கோர் புத்தகத்தில் பதிவாவது அந்த ஒரு பால் மட்டும்தான்.

அந்த அணியின் பாணி என்று எதையாவது சொல்வதானால் நான் இந்தப் பந்தைத்தான் சொல்வேன். கீழே தட்டி வைக்கப்பட்ட பன்ட்களை எண்ணி யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். இழுத்துக்கொண்ட மட்டையை எண்ணுவார் இல்லை. ஆனால் அந்த ஒரு பந்தில் எதிரணியின் நான்கு தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் திட்டம் முழுவதையும் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் பேஸ்காரர் எவ்வளவு வேகமாக வருகிறார், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார், இரண்டாம் பேஸ்காரர் எத்தனை சீக்கிரம் தன் இடத்தைக் காலி செய்கிறார், எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் பயிற்சியாளருக்குத் தெரியும், முதல் பேஸில் நிற்கும் ரன்னருக்குத் தெரியும். எல்லோரையும்விட அந்த ஆட்டக்காரருக்குத் தெரியும்.

அடுத்த பந்தில் அவருக்கு நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. ஃபவுல் கோட்டை ஒட்டி மெதுவாகத் தட்டி வைக்கலாம். பிட்சரைத் தாண்டி, இரண்டாம் பேஸ்காரர் காலி செய்யும் இடத்துக்குக் கொஞ்சம் அழுத்தித் தள்ளலாம். மட்டையைக் குறுக்கே காட்டிவிட்டுக் கடைசி நொடியில் நிமிர்த்தி, பாய்ந்து வருபவரின் தோளைத் தாண்டி அடிக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் இழுத்துக்கொள்ளலாம். சைகை பெஞ்சிலிருந்து வரலாம், முடிவு மட்டும் அவருடையது, அதுவும் மூன்றாம் பேஸ்காரரின் காலைப் பார்த்த பிறகு எடுப்பது. இதற்குத் தேவையான நெஞ்சுரம் ஹோம் ரன் அடிக்கத் தேவைப்படுவதைவிடக் குறைந்ததல்ல. 90 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு முன்னால் முகத்தையும் விரல்களையும் நீட்டிக்கொண்டு நின்று, கண்ணை வேறொருவரின் கால்மேல் வைக்க வேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு ஆச்சரியம். பந்தைக் காலடியில் சாகடித்துவிட்டு ஒற்றை ரன் ஓடுபவரை நாம் கோழை என்பதில்லை. ஃபீல்டரை உள்ளே இழுத்துவிட்டு அடுத்த ஓவரில் அவர் தலைக்கு மேலே தூக்கப்போகிறார் என்று சிறுவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

எண்களை நம்புகிறவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. முதல் பேஸில் ரன்னர், அவுட் இல்லை என்ற நிலையில் அந்த இன்னிங்ஸில் சராசரியாகச் சுமார் 0.9 ரன் எதிர்பார்க்கலாம். இரண்டாம் பேஸில் ரன்னர், ஓர் அவுட் என்றால் அது 0.7-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஆகவே பன்ட் நஷ்டம் என்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த எண்கள் மேஜர் லீக் ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. அங்கே தடுப்பாட்டக்காரர்கள் நூறு வாய்ப்பில் ஏறக்குறைய ஒன்றரைதான் தவறவிடுகிறார்கள். டிவிஷன் 1-ல் அது மூன்றுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய இரு மடங்கு. இந்தச் சராசரியிலும் கையுறைக்கு நேராக வரும் சுலபமான பந்துகள் கலந்திருக்கின்றன. ஓடிவந்து, குனிந்து, வெறுங்கையால் பந்தை அள்ளி, உடல் நிமிரும் முன்பே குறுக்கே வீச வேண்டிய 20 வயது மாணவர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பந்து மட்டையில் பட்டு நான்கு விநாடிக்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும். அங்கே பன்ட் என்றால் ஓர் அவுட்டுக்கு ஒரு பேஸ் என்ற பண்டமாற்று இல்லை. பேஸ் ஹிட், தவறான வீச்சு, யாரை அவுட் ஆக்குவது என்ற குழப்பம், காலியாகக் கிடக்கும் மூன்றாம் பேஸ் என்று பல வாசல்கள் திறக்கின்றன.

இன்னொரு தவறான வரலாறும் உலவுகிறது. பன்ட் ஆட்டம் செத்த மட்டைகளின் காலத்துப் பிள்ளை என்று நினைக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தாலே இது நிற்காது. அலுமினிய மட்டைகள் 1974-ல் அனுமதிக்கப்பட்டன. அந்த அணியின் நான்கு பட்டங்களும் அதற்குப் பின்னால் வந்தவை. அதிலும் 1995 பட்டம், மட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு சூடேறிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. அந்தச் சூடு 1998-ல் ஒமாஹாவில் மட்டும் 62 ஹோம் ரன்களாக வெடித்தது, நினைவிருக்கலாம். பிறகு மட்டைகளுக்குக் கடிவாளம் வந்தது. 2011-ல் வந்த விதி துள்ளலை மரமட்டை அளவுக்கு இறக்கியது, ஒமாஹா போட்டியும் ரோசன்பிளாட் என்ற பழைய மைதானத்தை விட்டு நகர மையத்தின் புதிய மைதானத்துக்கு மாறியது. 2014 ஒமாஹாவில் மொத்தமே மூன்று ஹோம் ரன்கள்.

ஊரில் எல்லோரும் பன்ட் ஆடியது அப்போதுதான். அப்படியானால் ஆரஞ்ச் கவுன்ட்டிக்கு அது பொற்காலமாக அமைந்திருக்க வேண்டுமே? 2010 முதல் 2014 வரை அவர்கள் ஒமாஹாவை எட்டவே இல்லை. என் விளக்கம் இது: எல்லோரும் பன்ட் ஆடினால் எல்லா மூன்றாம் பேஸ்காரர்களும் அதைத் தடுக்கப் பழகிவிடுகிறார்கள். தினமும் பயிற்சி, தினமும் முன்னால் நிற்பது, தினமும் வெறுங்கை வீச்சு. அந்த அணியின் ஆயுதம் மற்றவர்கள் மறந்துபோன காலத்தில்தான் கூர்மையாக இருந்திருக்கிறது. 2015-ல் பந்தின் தையல் உயரத்தை 0.048 அங்குலத்திலிருந்து 0.031-க்குக் குறைத்தார்கள், பந்து மறுபடி பறக்கத் தொடங்கியது. அந்த வருடமும் 2017-லும் அவர்கள் ஒமாஹாவில் இருந்தார்கள்.

2004-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சீசனின் முதல் 31 ஆட்டங்களில் 15 வெற்றி, 16 தோல்வி. வேறு எந்தப் பெரிய அணியாக இருந்தாலும் ஆட்டமுறையைத் தூக்கிப் போட்டிருக்கும். இவர்கள் அதிலேயே நின்று ஜூன் மாதம் பட்டத்தோடு வந்தார்கள். அந்த இறுதிப்போட்டியின் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார்? இந்த அணியைக் கட்டி எழுப்பி முதல் மூன்று பட்டங்களையும் வாங்கித் தந்த அதே பயிற்சியாளர். குறுக்கே நீட்டிய மட்டைக்கு எதிராக எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தர அன்றைக்கு அவரைவிடத் தகுதியானவர் உலகத்தில் கிடையாது. அப்படியும் பட்டம் ஆரஞ்ச் கவுன்ட்டிக்குத்தான் வந்தது. ஒரு மனிதரின் திறமை என்று சொல்லி மூடிவைத்திருந்ததை, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் சொத்தாக அந்த வாரம் நிரூபித்துவிட்டது. மற்ற மூன்று பட்டங்களையும்விட எனக்கு இதுதான் பெரியது.

எந்த பன்ட்டும் நல்ல பன்ட் என்று நான் சொல்லவரவில்லை. முதல் இன்னிங்ஸிலேயே, அணியின் சிறந்த அடிகாரரையே மட்டையைக் குறுக்கே பிடிக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பயத்தில் எடுக்கும் முடிவு. எதிரணியின் காலைப் பார்க்காமல் முன்பே தீர்மானித்த பன்ட்டைப் பார்த்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது. கெட்ட பெயர் முழுவதும் அவர்களால் வந்தது, பழி ஆரஞ்ச் கவுன்ட்டி அணியின் தலையில்.

சரி, இனி என்ன ஆகும்? கடந்த சில வருடங்களாக ஹோம் ரன் மறுபடி கொட்டுகிறது. மூலைகளில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் பின்னால் போய்விட்டார்கள். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு 11.7 உதவித்தொகை என்ற பழைய வரம்பு இல்லை, அதற்குப் பதில் அணிக்கு 34 பேர் என்ற உச்சவரம்பு. பணமுள்ள அணிகள் அந்த 34 இடங்களையும் தோள்வலிமைக்கும் பந்துவீச்சுக்கும் கொடுக்கும். கையுறைக்காக மட்டும் வைத்திருந்த ஆட்டக்காரரின் இடம்தான் முதலில் பறிபோகும். மூன்றாம் பேஸில் 40 ஹோம் ரன் கனவோடு ஒரு மலை நிற்கும், அந்த மலை ஓடிவந்து குனிந்து வீசப் பழகியிருக்காது.

இதே மாற்றங்களில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. மட்டையை இழுத்துக்கொள்ளும் அந்த முடிவு ஒரே சீசனில் படியாது. 2021-லிருந்து மாணவர்கள் ஒரு வருடம்கூடக் காத்திருக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம். வரிசையில் இரண்டாவதாக ஆடி நன்றாக வளர்ந்த ஆட்டக்காரரைத் தென்கிழக்கின் பணக்கார அணி ஒன்று கூட்டிக்கொண்டு போய்விடும். மறுபக்கம், தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 20-ஆகச் சுருங்கியதால், முன்பு நேரே தொழில்முறைக்குப் போயிருக்கும் பள்ளி மாணவர்கள் பலர் கல்லூரிக்கு வருகிறார்கள். இரண்டில் எந்தக் காற்று பலமானது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

என் கணிப்புகளை இங்கேயே எழுதி வைக்கிறேன். இன்னும் மூன்று சீசனுக்குள், 64 அணிகள் ஆடும் ஜூன் மாதப் போட்டியில், பணக்கார அணி ஒன்று தன் சொந்த மைதானத்தில் பன்ட் தடுக்கத் தெரியாமல் வெளியேறும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஏனென்றால் மூன்றே நாளில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடிய பிறகு மேட்டில் நிற்பது நான்காவது, ஐந்தாவது பிட்சர். அவரை இரண்டு முறை மேட்டிலிருந்து இறக்கி ஓடவைத்துவிட்டால், மூச்சு வாங்கிக்கொண்டு வீசும் அடுத்த ஆறு பந்தும் ஸ்ட்ரைக் பக்கம் வராது. அதற்கடுத்த வருடமே எல்லாப் பயிற்சியாளர்களும் பன்ட் தடுப்புப் பயிற்சியைத் தூசி தட்டி எடுப்பார்கள், அதோடு இந்த வாசலும் கொஞ்ச காலம் மூடும்.

ஆரஞ்ச் கவுன்ட்டி அணி 2030-க்குள் மறுபடி ஒமாஹா போகும் என்பது என் இரண்டாவது கணிப்பு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரிசையில் இரண்டாவதாக நிற்பவர் அங்கேயே முதலாண்டில் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மூத்தவர்களின் மட்டையைப் பார்த்துப் பழகிய மூன்றாமாண்டு மாணவராக இருக்க வேண்டும். அவரைத் தக்கவைத்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகம் எதைச் செலவழித்தாலும் தகும். ஹோம் ரன் அடிப்பவரை எந்த ஜூலையிலும் வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம்.