தவணையில் வாங்கிய விண்கலம்

அறிவியல் புனைகதைகளில் விண்கலம் பெரும்பாலும் அரசுக்கோ படைக்கோ சொந்தமானது. அதில் சீருடை உண்டு, தளபதி உண்டு, தலைபோகிற காரியம் ஒன்று எப்போதும் உண்டு. எரிபொருளுக்குக் காசு யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு மட்டும் எழாது. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் இந்த வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. சாதாரணக் குடிமக்கள் சொந்தக் கலம் வைத்துப் பிழைக்கிற கதைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒரு கற்பனை உலகம் மனிதர் புழங்குகிற இடமாகத் தெரிவது இவற்றில்தான்.

ராபர்ட் ஹைன்லைன் 1952-இல் எழுதிய 'த ரோலிங் ஸ்டோன்ஸ்' இவ்வகையில் முன்னோடி. நிலவில் குடியிருக்கும் ஸ்டோன் குடும்பத்தின் இரட்டைப் பையன்கள், பழைய விண்கலங்கள் விற்கும் தரகரின் முற்றத்தில் பேரம் பேசுவதிலிருந்து நாவல் தொடங்குகிறது. கடைசியில் குடும்பம் முழுவதும் ஏறக்கூடிய கலமாகப் பார்த்து அப்பா வாங்குகிறார். பையன்கள் பழைய சைக்கிள்களை மலிவாக வாங்கிச் சரக்கறையில் ஏற்றுகிறார்கள். எடையற்ற நிலையில் மிதந்தபடியே அவற்றைப் பிரித்துச் சரிசெய்து, செவ்வாயில் கனிமம் தேடி அலைபவர்களிடம் விற்றுவிடலாம் என்பது கணக்கு. போய் இறங்கினால் அங்கே வாங்க ஆளில்லை. போதாக்குறைக்குச் சுங்கவரி வழக்கு ஒன்றும் சேர்ந்துகொள்ள, பாட்டி ஹேசல் நீதிமன்றம் ஏறிப் பேரன்களுக்காக வாதாடுகிறாள். இதில் வரும் கலம் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் குடும்பத்தின் பழைய கார் அன்றி வேறில்லை. தரகர் அந்தக் கார்ச்சந்தையைச் சேர்ந்தவர்; வாங்குபவரின் சந்தேகமும் அங்கிருந்தே வந்தது.

இது ஹைன்லைனோடு நிற்கவில்லை. கதையில் வரும் சொந்தக் கலம், எழுதியவரின் ஊரில் ஓடும் வண்டிதான். பறப்பது மட்டும் வானத்தில். அந்த வண்டியின் செலவுச்சீட்டும் கூடவே வந்தால் கதை நம்பும்படி ஆகிறது. வராத இடத்தில் கலம் வெறும் மாயக்கம்பளம்.

1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் சொந்தக் கலம் கிடையாது, பான் ஆம் நிறுவனத்தின் பயணிகள் கலம் உண்டு. எடையற்ற கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது என்ற நீளமான அறிவிப்பின் முன்னே பயணி டாக்டர் ஃபிளாய்ட் நின்று படிக்கிறார். விண்நிலையத்திலிருந்து மகளைத் திரையில் அழைத்துப் பேசி முடித்ததும், கட்டணம் 1.70 டாலர் என்று காட்டுகிறது. படத்தின் பெரும் புதிர்களைவிட இந்தச் சில்லறைக் கணக்கு மனத்தில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. கலத்தின் மேல் பெயர் எழுதியிருந்த அந்த விமான நிறுவனமோ 1991-இல் மூடப்பட்டது.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' அழுக்கையும் கீறலையும் திரைக்குக் கொண்டுவந்தது. பயணச் செலவுக்காக நாயகன் லூக் தன் தரைவண்டியை விற்கிறான். புது மாடல் வந்துவிட்டதால் தன் வண்டிக்கு மதிப்பில்லை என்று புலம்புகிறான். பழைய வண்டி விற்ற எவருக்கும் பழகிய புலம்பல். கலத்துக்காரன் ஹான் சோலோ 10,000 கேட்டதும், அந்தப் பணத்துக்குச் சொந்தக் கலமே வாங்கிவிடலாமே என்று லூக் பொங்குகிறான். கலத்தின் விலை உள்ளூர்ப் பையனுக்கும் தெரிந்த சங்கதி என்பதை அந்த ஒரு பேச்சு சொல்லிவிடுகிறது.

செலவுச்சீட்டை முழுதாக எழுதிப் பார்த்தது நாவலோ திரைப்படமோ அல்ல, ஒரு விளையாட்டு. அதே 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில், 200 டன் சரக்குக் கலம் ஒன்றின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். கையில் அவ்வளவு இருக்காது. எனவே வங்கிக் கடன். மாதத் தவணை விலையில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500. கட்டவேண்டியது 480 மாதம், நாற்பது வருடம். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் ஒரு தாவலுக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று ஓடினால் மாதத்துக்கு இரண்டு நடைதான் தேறும். 82 டன் இடம் முழுக்க லோடு கிடைத்தாலும், டன்னுக்கு 1,000 வீதம் இரண்டு நடைக்கும் சேர்த்து 1,64,000. தவணை போக மிச்சம் 9,500. அதில் எரிபொருள், சம்பளம், துறைமுகக் கட்டணம். ஆக, பயணிகளையும் ஏற்றியே தீரவேண்டும். உயர்வகுப்புக்கு 10,000, உறைநிலையில் கிடந்து பயணம் செய்ய 1,000. உறைந்தவரை எழுப்பும்போது இரண்டு பகடை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை ஐந்துக்குக் கீழே போனால் அவர் எழுந்திருக்கமாட்டார். ஏழையின் டிக்கெட் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தவணை தவறிக் கலத்தோடு தலைமறைவானவர்களைத் துரத்துவதே இந்த ஆட்டத்தில் பல கதைகளுக்கு விதை.

1984-இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் எழுதிய 'எலைட்' கணினி விளையாட்டு இதையே எளிமையாக்கியது: ஒரு கலம், 100 கிரெடிட், மற்றது உன் சமர்த்து. திரையிலும் காசுப் பேச்சு உண்டு: 1979-இன் 'ஏலியன்' படத்தில் எந்திர அறைத் தொழிலாளிகள் இருவர், வேற்றுயிரி வருவதற்கு முன்பே போனஸ் பங்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது சோறும் உதிரிபாகமும். 1998-இன் ஜப்பானிய அனிமே 'கௌபாய் பீபாப்'பில் நாயகர்கள் வாழும் கலம், மாற்றியமைத்த மீன்பிடிக் கப்பல். முதல் அத்தியாயத்திலேயே மாட்டிறைச்சியும் குடைமிளகாயும் என்று தட்டு வருகிறது; இறைச்சியைக் காணோம். 2002-இன் 'ஃபயர்ஃபிளை' தொடரில் 'அவுட் ஆஃப் கேஸ்' என்ற அத்தியாயத்தில் சிக்கல் வருவது ஒரு பிறந்தநாள் கேக்கின் நடுவே. சிறு உதிரிபாகம் ஒன்று பழுதாகி எந்திரம் நிற்க, மூச்சுக்காற்றும் குறையத் தொடங்குகிறது. கலத்தை நிறுத்தியது எதிரி அல்ல. மாற்றாமல் ஒத்திப்போட்ட ஒரு சாமான், அவ்வளவுதான். பழைய கலங்கள் நிற்கும் முற்றத்தில் விற்பவன் வேறொன்றைக் காட்டிக்கொண்டிருக்க, தலைவனின் கண் பின்னாளில் தன் கலமாகப்போகும் 'செரனிடி'யின் மேல் போய் நிற்பதோடு அத்தியாயம் முடிகிறது. ஹைன்லைனின் தரகர் முற்றம் அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போகும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு டன் எடையுள்ள பொருள் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிப்புக்குச் சமம். ஹிரோஷிமா குண்டைப் போல் அறுபது, எழுபது மடங்கு. கார் அளவுக் கலத்தை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு அணுகுண்டு நிற்கும். லாரி நிவன் 1966-இல் எழுதிய 'த வாரியர்ஸ்' சிறுகதையில், ஆயுதமில்லாத மனிதர்கள் தம் கலத்தின் உந்துவிசைக் கற்றையையே ஆயுதமாக்கிப் பகைவரை வீழ்த்துகிறார்கள். அப்படியானால் ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று, தடம் கண்காணிப்பு, காப்பீடு எல்லாம் விமானத்துக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கடுமையாக இருக்கவேண்டும். புனைகதையில் இவற்றுக்கான அலுவலகத்தின் வரிசையில் நிற்பவர்கள் மிகச் சிலர். சாகசத்துக்கு அது இடைஞ்சல் என்று எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல கதைகள் பல அங்கேதான் வீணாகக் கிடக்கின்றன.

பெக்கி சேம்பர்ஸ் 2014-இல் வெளியிட்ட 'த லாங் வே டு எ ஸ்மால், ஆங்க்ரி பிளானட்' இதற்கு விலக்கு. விண்வெளியில் சுரங்கப்பாதை போடும் 'வேஃபேரர்' என்ற கலத்துக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைக்கவேண்டுமானால் காகிதங்கள் ஒழுங்காக இருக்கவேண்டும். அதற்காகத் தலைவர் ஆள் எடுக்கிறார். நாவல் தொடங்குவது அந்த வேலையில் சேரப் போய்க்கொண்டிருக்கும் குமாஸ்தா ரோஸ்மேரியோடு.