விவ் ஆடிய நடனம்

முதல் தடவை ‘பீப்பிங் டாம்’ பார்த்து முடித்தபோது எனக்குக் கொலைகாரன் மேல்தான் பாவமாக இருந்தது. செத்துப்போன பெண்களின் பெயர்கள்கூட மனதில் நிற்கவில்லை. அது ஏன் என்று யோசிக்கத்தான் இரண்டாவது தடவை பார்த்தேன்.

மைக்கேல் பவல் இயக்கி 1960இல் வந்த பிரிட்டிஷ் படம். மார்க் லூயிஸ் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஃபோகஸ் புல்லர். அப்பா விட்டுப்போன பெரிய வீடு அவனுடையதுதான். ஆனாலும் குடியிருக்க வந்தவன் மாதிரி கூச்சத்தோடு படியேறிப் போவான். ட்ரைபாட் காலில் ஒரு கத்தி, கூடவே ஒரு கண்ணாடி. சாகப்போகிறவள் தன் பயத்தைத் தானே பார்த்துக்கொண்டே சாக வேண்டும். அதைப் படம்பிடித்து, ராத்திரி தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பான்.

காரணமும் படத்திலேயே இருக்கிறது. பயத்தைப் பற்றி ஆராய்ந்த அப்பா, பெற்ற மகனையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டவர். பையனின் படுக்கையில் பல்லியைப் போட்டு அவன் மிரள்வதைப் படமெடுத்தவர். அந்த அப்பாவாக நடித்தது பவலே. பையன் அவருடைய சொந்த மகன். இதற்குமேல் யாருக்குத்தான் இரக்கம் வராது?

அதே 1960இல் வந்ததுதான் ‘சைக்கோ’வும். அங்கே நார்மனின் நோயை ஒரு டாக்டர் கடைசியில் விளக்குகிறார். இங்கே முதல் கொலையையே மார்க்கின் கேமரா வழியாகத்தான் பார்க்கிறோம். பிரிட்டிஷ் விமர்சகர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பவலுக்கு அங்கே அதன்பின் பழைய இடம் கிடைக்கவே இல்லை. வருடங்கள் கழித்து இந்தப் படத்தைத் தூக்கிப் பேசியவர்களில் ஸ்கார்செஸி முக்கியமானவர்.

இரண்டாவது தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது விவ். முக்கிய நடிகைக்குப் பதிலாக லைட்டுக்கு நிற்கிற பெண். நடித்தவர் மொய்ரா ஷீரர். எல்லோரும் போன பிறகு, தன்னை யாரோ ஒருத்தன் கடைசியில் படம்பிடிக்கப் போகிறான் என்ற சந்தோஷத்தில் ஸ்டுடியோவில் தனியாக ஆடுகிறாள். முதல் தடவை, ‘என்னடா இது, இவ்வளவு இழுக்கிறார்களே’ என்று சலித்திருந்தேன். கொலை எப்போ வரும் என்றுதானே காத்திருந்தேன்? மார்க்கும் அதற்குத்தான் காத்திருந்தான்.

அவனிடம் ஏமாறாதவர் ஒருவர்தான்: ஹெலனின் அம்மா. கண் தெரியாதவர். மேலே நடக்கிற காலடிச் சத்தத்திலேயே இவனை எடை போட்டுவிடுகிறார். அவருக்குக் கண்ணாடியைக் காட்டி என்ன பிரயோஜனம்? அவரை அவனால் கொல்ல முடியவில்லை.

ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசியில் திரை இருண்ட பிறகு கேட்பது சின்னப் பையன் மார்க்கின் குரல். டோரா, விவ், மில்லி என்ற மூன்று பேரில் ஒருத்தியின் குரலும் அங்கே இல்லை. அப்பாவின் கொடுமையை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த பவல், நம் இரக்கத்தை முழுக்க மகனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

படம் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன். விவ் ஆடும்போது ஓட்டிவிடாதீங்க. முழுசா பாருங்க.