கோடேறியவர் கதை

திருவிதாங்கூரின் வரலாற்றை விரித்தெழுதியோரில் மூவர் பெயர் முன்னிற்கும். 1878-இல் சங்குண்ணி மேனோன் எழுதினார். 1906-இல் நாகமய்யா எழுதினார். 1940-இல் வேலுப்பிள்ளை எழுதினார். ஏடுகள் கனமானவை, உழைப்பு பெரிது, மறுப்பாரில்லை. ஆனால் அரண்மனை நிழலில் எழுந்த நூல்கள் அவை. மன்னர் வந்தார், திவான் வந்தார், மன்றம் அமைத்தார், நீதிபதியை அமர்த்தினார் என்று நடக்கும் அந்நடையில், மன்றத்தின் மேடை தெரிகிறது, படிக்கட்டு தெரியவில்லை. மேடையில் அமர்ந்தவரை அறிகிறோம். படியேறி நின்றவன் யார், ஏற விடாமல் நிறுத்தப்பட்டவன் யார் என்பதை எவரிடம் கேட்பது?

நாஞ்சில் நாட்டாரைக் கேட்கலாம். வழக்கு மன்றத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கோடு'. 'கோடேறுதல்' என்றால் வழக்காடச் செல்லுதல். மலையேறுவதுபோல் மூச்சு வாங்க ஏறி, இறங்கும்போது வெறுங்கையோடு இறங்கும் ஏற்றம் அது. இன்று 'ஜில்லா கோர்ட்டு' என்ற அந்தப் பழைய மன்றமும் இல்லை, அதை நிறுவிய அரசும் இல்லை. அதன் கதையைப் படியின் பக்கம் நின்று பார்ப்போம்.

1811-இல் கர்னல் மன்றோ, ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்துகொண்டே திருவிதாங்கூரின் திவானும் ஆனார். அதுவரை வரி தண்டியவனே வழக்கையும் தீர்த்தான். காரியக்காரன் என்ற அந்த அலுவலன் பிடித்ததும் அவன், அடித்ததும் அவன், தண்டம் விதித்ததும் அவன். மன்றோ அதனைப் பிரித்தார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா என ஐந்திடங்களில் ஜில்லா நீதிமன்றங்கள் எழுந்தன. சட்டவரியோலை என்ற பெயரில் விதிகள் எழுதப்பட்டன. எழுதாத சட்டம் ஆண்ட நாட்டில் எழுதிய விதி வந்தது சிறு செயலன்று. மன்றோவை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அம்மன்றத்தின் இருக்கைகளைப் பாருங்கள். நாயர், கிறித்தவர் ஆகியோரிலிருந்து நீதிபதிகள் இருவர். அவர்களோடு சாத்திரி ஒருவர். சாத்திரி எதற்கு? தர்மசாத்திரம் இன்னது சொல்லுகிறது என்று எடுத்துரைக்க! புதிய மன்றத்தின் நடுவில் பழைய மனு நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டான். ஒரே குற்றம் செய்த இருவரில், பார்ப்பனனுக்குத் தூக்கில்லை, மற்றவனுக்கு உண்டு என்ற முறை அந்நாட்டில் நெடுங்காலம் நின்றதற்கு விளக்கம் வேண்டுவோர் அந்த நாற்காலியைப் பார்க்கட்டும்.

நாகர்கோவில் மன்றத்தில் அமர்ந்தவர்களுள் ஒருவர் புதுமையானவர். சார்லஸ் மீட் என்ற பாதிரியார். 1818-இல், இலண்டன் மிசன் சங்கத்தின் தொண்டராக வந்து சேர்ந்த அவரை, மன்றோவின் விருப்பப்படி அரசி கௌரி பார்வதிபாய் நீதிபதியாக அமர்த்தினார். காலையில் வேதம், நண்பகலில் வழக்கு! ஏழை எளியவர் அவரிடம் அச்சமின்றி வந்தனர் என்று மிசன் வரலாறுகள் புகழ்கின்றன. வந்திருப்பார்கள், ஐயமில்லை. ஆனால் சமயம் பரப்பும் கை தீர்ப்பும் எழுதுமானால், நீதி நாடி வருபவன் எதை நாடி வருகிறான் என்பது யாருக்கு விளங்கும்? இக்கேள்வி இலண்டனில் இருந்த சங்கத்தாருக்கே எழுந்தது. அவர்கள் இசையவில்லை. மீட் சிறிது காலத்திலேயே பதவி விலகினார். சங்கத்தார் செய்தது சரியே. மீட் செய்த பெருந்தொண்டு அச்சுக்கூடமும் பள்ளியும். நீதிபதி நாற்காலி அன்று.

அதே நாகர்கோவிலுக்குச் சில கல் தொலைவில் இன்னொரு மன்றமும் நடந்துகொண்டிருந்தது. அங்கே நீதிபதி மனிதன் அல்லன், கொதிக்கும் நெய்! சுசீந்திரம் கோயிலில், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிநெய்யில் கைவிட்டு, உள்ளே இட்ட உருவை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்து, பின்னர் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையேல் குற்றமற்றவன். கைமுக்கு என்பது அதன் பெயர். அகலிகையை ஏமாற்றிய இந்திரன் இங்கேதான் தூய்மை பெற்றானாம். ஊரின் பெயருக்கே அதுதான் விளக்கமாம். ஏமாற்றியவனுக்குத் தூய்மையும் ஊர்ப்பெயரும், ஏமாந்தவளுக்குக் கல்லுரு! அந்தக் கதையின் நீதி எப்படியோ, அதன் நிழலில் நடந்த மன்றத்தின் நீதியும் அப்படி. சுவாதித் திருநாள் ஆட்சியில் இக்கொடுமை ஒழிக்கப்பட்டது. அதாவது, சட்டவரியோலை எழுதி இருபது ஆண்டு கழிந்த பிறகும் நெய்ச்சட்டி அடுப்பில் இருந்தது.

பத்மநாபபுரம் மன்றத்தின் வாழ்வில் ஒளிமிக்க நாள் ஒன்று உண்டு. 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில், கிறித்தவராகிய நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். மானத்தை மறைத்தது குற்றமாம்! வழக்கு மன்றம் சென்றது. 1823-இல், அப்பெண்கள் குப்பாயம் அணியலாம் எனத் தீர்ப்பாயிற்று. வாழ்த்துவோம். ஆனால் தீர்ப்பு யாருக்கு என்பதையும் படிப்போம். கிறித்தவப் பெண் அணியலாம். மதம் மாறாத அவள் தமக்கை? அவளைப் பற்றி மன்றம் வாய் திறக்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில், ஒருத்தியின் உடல் மறைக்கத்தக்கது, மற்றவளின் உடல் மறைக்கத்தகாதது என்றால், அது நீதியா, சலுகையா? பெண் என்பதற்காகத் தந்த உரிமை அன்று. மதத்துக்குத் தந்த விலக்கு. விலக்கை எளிதில் சுருக்கலாம். 1829-இல் அரசாணை சுருக்கியது. குப்பாயம் இருக்கட்டும், உயர்சாதியார் போலத் தோளில் துகில் கூடாது என்றது. மீண்டும் கலகம், மீண்டும் தீ. 1859-இல்தான் மதவேறுபாடின்றி நாடார் பெண்கள் யாவரும் மேலுடல் மறைக்கலாம் என்ற ஆணை வந்தது. அதிலும் உயர்சாதியாரின் உடைமுறை வேண்டாம் என்ற வால் ஒட்டியிருந்தது! அன்று அந்த நீதிபதிகள் தமக்கையையும் சேர்த்து ஒரு சொல் எழுதியிருந்தால்?

மேலாடை வழக்கு மன்றம் வரையாவது வந்தது. வரவே முடியாதவர் கதை என்ன? புலையர் தொண்ணூற்றாறு அடி எட்டி நிற்கவேண்டிய நாடு அது. 1855-இல் அடிமைமுறை ஒழிந்தது, அடியளவு ஒழியவில்லை. சாட்சி சொல்ல வந்தவனை வெளியே எட்ட நிறுத்தி, இடையில் ஆள் வைத்துக் கேள்வியையும் விடையையும் கடத்திய முறையைப் பாதிரிமார் கண்டெழுதியுள்ளனர். சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று என்றால், பிழை யாருடையது?

இனி, வயலும் தோப்பும் உடையவன் கோடேறிய கதை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அதைச் சொல்கிறது. 1917–18 அளவில் 'தமிழன்' இதழில் வெளிவந்த நூல். அதில் ஒரு பகுதியின் தலைப்பே 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கம்பன் ஆண்ட 'படலம்' என்ற சொல்லை எடுத்து, வழக்காடிக் குடிகெட்ட கதைக்குச் சூட்டிய குறும்பைப் பாருங்கள்! நாஞ்சில் வெள்ளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு துண்டு. காரணவனுக்கும் மருமகனுக்கும் பகை. பகைக்குத் தீர்வு கோடு. கோட்டுக்குத் தீனி வயல். வக்கீல் வளர்ந்தார், குடி தேய்ந்தது.

கவிமணி கதையை யார் வாயில் வைத்தார்? காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி வாயில்! வழக்கில் அவள் வாதியும் அல்லள், பிரதிவாதியும் அல்லள். அவளிடம் எந்த நீதிபதியும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மாநிலக் கையேட்டுப் பக்கங்களில் அவளுக்கு வரியில்லை. அவள்தான் மன்றத்தின் முழு வரலாற்றையும் அறிந்தவள். அடுக்களை நெல்லைக் கொண்டு அறிந்தவள். இந்நூலை நகைச்சுவை நூல் என்று மட்டும் சொல்லி நிறுத்தும் திறனாய்வாளரோடு நமக்கு உடன்பாடில்லை. சிரிப்பு உண்டு, சிரித்தபின் தொண்டையில் நிற்பதும் உண்டு. ஒரு குறை சொல்ல வேண்டுமானால், கோட்டின் வாயிலில் எட்ட நின்றவன் இந்நூலிலும் இல்லை. வெள்ளாளர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த கண்ணுக்கு வயலில் நின்றவன் தெரியவில்லை.

1926-இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் நிறைவேறியது. மக்களுக்கும் உரிமை வந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நாகர்கோவில் மன்றம் சென்னை உயர்நீதிமன்றத்தின் கீழ் வந்தது. 2004-இலிருந்து மேல்முறையீட்டுக்கு மதுரைக் கிளை. சாத்திரியின் நாற்காலி எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று தேடுவோருக்கு அரசுக் கையேடுகள் உதவக்கூடும். ஐந்தாம் மனைவியின் வயல் எந்த வழக்கில் போயிற்று என்று தேடுவோர் மான்மியத்தைத்தான் எடுக்க வேண்டும்.