ஊர் மாறும், உறவு மாறாது: வேதாளர் தொடரும் சிண்டிகேட் அரசியலும்

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து விழுந்த இந்திரஜால் காமிக்ஸ்களைத்தான் நான் முதலில் வாசித்தேன். கபாலக் குகை, முகமூடி, சுற்றி நிற்கும் பந்தர் குள்ளர்கள். தெருவில் விளையாடும்போது எல்லாருக்கும் வேதாளர் வேஷம்தான் வேணும். பந்தராக நிற்க ஒருத்தனும் தயாரில்லை. எங்கள் தோலின் நிறம் பந்தர்களுடையது என்பது அன்றைக்கு உறைக்கவே இல்லை. ஏன் உறைக்கவில்லை என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

லீ ஃபாக் எழுத, ரே மூர் வரைய, 1936 பிப்ரவரி 17இல் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய தொடர் இது. விற்றது கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்; ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமம் 1915இல் தொடங்கிய கடை. சிண்டிகேட் வியாபாரம் எளிமையானது. ஒருமுறை வரைந்ததை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்பது. பெரிய பத்திரிகைக்கு ஒரு விலை, சின்னப் பத்திரிகைக்கு ஒரு விலை. உள்ளூர் ஓவியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இது மலிவு. ஆக, எந்த ஊரிலும் விலைபோகிற, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு சரக்கு தேவைப்படுகிறது.

வேதாளரின் காட்டைப் பாருங்கள். முதலில் ஆசியாவில் இருந்த அந்தக் காடு பின்னர் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே புலியும் உண்டு, சிங்கமும் உண்டு. அவருடைய உடையை ஃபாக் சாம்பல் நிறமாகவே நினைத்திருந்தார். 1939இல் ஞாயிறு வண்ணப்பக்கத்தில் அது ஊதாவாக அச்சானது. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். 1964இல் தொடங்கிய இந்திரஜாலில் 'பெங்காலி' என்கிற நாடு 'டெங்காலி' ஆச்சு. 'சிங்' கடற்கொள்ளையர் 'சிங்கா' ஆனார்கள். இங்குள்ள வாசகர் யாரும் புண்படக்கூடாது என்கிற ஜாக்கிரதையாகவே இதை வாசிக்கிறேன். 'பந்தர்' என்றால் இந்தியில் குரங்கு. அந்தப் பெயரால் புண்படக்கூடியவர்கள் எந்தச் சந்தையிலும் வாடிக்கையாளர்கள் இல்லை.

பெயர், நிறம், தேசம் எல்லாமே பேரத்துக்கு உட்பட்டவை. தந்தைக்குப் பின் மகனாக 21 தலைமுறை வெள்ளை ஆண்கள் கறுப்பர்களைக் காத்து வருவது என்கிற உறவு மட்டும் பேரத்துக்கு வரவே இல்லை. ஃபாக் காலத்தைக் கவனிக்காதவர் என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலையான காலத்தில் லுவாகா என்கிற கறுப்பினத் தலைவரைக் குடியரசுத் தலைவராக்கினார். ஆனால் காட்டு ரோந்துப் படையின் முகம் தெரியாத தளபதியாக வேதாளரே நீடித்தார். கொடி மாறியது, கட்டளை வருகிற இடம் மாறவில்லை. இந்த ஏற்பாடு நமக்கொன்றும் புதுசில்லையே.

அப்படியானால் வாசகர் வெறும் ஏமாளியா? பப்புவா நியூகினியில் டோக் பிசின் மொழியிலும் வேதாளர் அச்சானார். அங்கே வாகி பள்ளத்தாக்கு மக்கள் அவரைத் தங்கள் போர்க்கேடயங்களில் தீட்டிக்கொண்டார்கள். அவர்கள் வேதாளரைத் தங்கள் சண்டைக்கு இழுத்து வந்தார்கள். நானோ அவருடைய காட்டுக்குப் போய், என் ஜனங்களைப் பார்க்காமலே திரும்பினேன்.

மொழிபெயர்க்கிற நண்பர்களிடமும் வீதி நாடகத்துக்காரர்களிடமும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஊர்ப்பெயரை மாற்றி, வசனத்தை நம்ம பேச்சில் எழுதிவிட்டால் பிரதி நம்முடையதாகிவிடாது. சிண்டிகேட்டும் அதைத்தானே செய்தது? பிரதிக்குள் யாருடைய மௌனத்தின் மேல் யாருடைய வீரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேதாளர் சாகாதவர் என்று காடு முழுக்க நம்புகிறது. அவர் செத்துப்போகிற மனுஷன், அடுத்து மகன் வருகிறான் என்பது பந்தர்களுக்கும் அவர்கள் தலைவன் குரனுக்கும் தெரியும். 400 வருஷமாக அவர்கள் வாயைத் திறக்கவில்லை. குரன் ஒருநாள் பேச ஆரம்பித்தால் அந்த முகமூடிக்கு என்ன மதிப்பு? அந்தக் கதையை எந்த சிண்டிகேட்டும் விற்காது. நாம்தான் எழுதியாகணும்.