வகுப்புரிமையும் கருத்துரிமையும்: முதல் திருத்தத்தை வாசித்தல்

இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் குறித்துத் தமிழில் இரண்டு கதையாடல்கள் புழக்கத்தில் உள்ளன. இடஒதுக்கீட்டு மேடைகளில் அது வெற்றிக் கதை. நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது, பெரியார் தெருவில் இறங்கினார், டெல்லி பணிந்தது, 15(4) பிறந்தது. கருத்துரிமைக் கூட்டங்களில் அதே திருத்தம் துரோகக் கதை. குடியரசுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, அதற்குள் நேரு அரசு பேச்சுரிமையின் கழுத்தில் கயிறு போட்டுவிட்டது. இரண்டு கூட்டங்களிலும் பேசுகிறவர்கள் பல சமயங்களில் ஒரே ஆட்கள்தான். ஆனால் ஒரு மேடையில் ஏறும்போது மற்ற மேடையின் கதை எப்படியோ மறந்துபோய்விடுகிறது. இந்த மறதி தற்செயலானது அல்ல என்பதும், அதற்கு நாம் தொடர்ந்து விலை கொடுத்து வருகிறோம் என்பதும்தான் இங்கு சொல்ல வருவது.

முதலில் ஓர் எளிய உண்மையைக் கவனிப்போம். இரு கதைகளிலும் எதிர்வாதியாக நின்றது சென்னை அரசு.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டனர். அடிப்படை உரிமைகளைப் பிரகடனம் செய்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறே நாட்கள் ஆகியிருந்தன. மார்ச் 1 அன்று குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார ஏடு சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக்கூடாது என்பது அந்த ஆணை. 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26 அன்று தீர்ப்பு வந்தது. அரசைக் கவிழ்க்கும் அளவுக்கான ஆபத்து வேறு, பொது ஒழுங்கு வேறு. அரசியல் சட்டம் பேச்சைக் கட்டுப்படுத்த அனுமதித்த காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ இல்லை. ஆகவே தடை செல்லாது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். அதே நாளில், டெல்லியில் ‘ஆர்கனைசர்’ மீது போடப்பட்டிருந்த முன்தணிக்கையும் அதே தர்க்கத்தில் ரத்தானது. கம்யூனிஸ்ட் சார்பு ஏடும் ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏடும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தன.

அதே அரசு, அதே கோடைகாலத்தில், இன்னொரு வழக்கிலும் நின்றுகொண்டிருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜனும் சீனிவாசனும் வழக்குப் போட்டனர். செண்பகம் அந்தக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. உயர் நீதிமன்றம் 1950 ஜூலையில் ஆணையைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று அதை உறுதி செய்தது. ஏழு நீதிபதிகள், மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த ஏழு பேரில் ஆறு பேர் ‘கிராஸ் ரோட்ஸ்’ வழக்கை விசாரித்த அதே ஆறு பேர்.

இங்குதான் நம் இரண்டு கதைகளும் தடுமாறுகின்றன. ‘உரிமைகளின் காவலன் நீதிமன்றம்’ என்ற தாராளவாதக் கதைக்குச் செண்பகம் வழக்கு தொண்டையில் சிக்கிய முள். ‘உச்சிக்குடுமி மன்றம்’ என்ற நம் கதைக்குத் தாப்பர் வழக்கு அதேபோல். ஒரே நீதிபதிகள் பதினோரு மாத இடைவெளியில் நல்லவர்களாகவும் கெட்டவர்களாகவும் மாறிவிடவில்லை. இரண்டு தீர்ப்புகளிலும் வேலை செய்வது ஒரே பார்வைதான். எதிரே ஒரு தனிமனிதர், இந்தப் பக்கம் அரசு; மனிதரைத் தடுக்கும் அரசின் கையைத் தட்டிவிட வேண்டும் என்ற பார்வை. பத்திரிகை முடக்கப்படும்போது இந்தப் பார்வை உண்மையைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. கல்லூரி வாசலில் நிற்கும்போது அதற்குக் கண் தெரியாமல் போகிறது. ஏனென்றால் அங்கே அரசு கை வைப்பதற்கு முன்பே, பல நூற்றாண்டுகளாக, சாதி கை வைத்துவிட்டது. சாதியற்ற ‘குடிமகன்’ என்ற கற்பனை உருவை நீதிமன்றம் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்தக் கற்பனையில் பொருந்தி நிற்கும் வசதி யாருக்கு இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது திருத்தத்துக்கு வருவோம். மசோதா 1951 மே 12 அன்று அறிமுகமானது, ஜூன் 18 அன்று சட்டமானது. பொதுத் தேர்தல் ஒன்றுகூட நடந்திராத காலம்; நிறைவேற்றியது தற்காலிக நாடாளுமன்றம். ஒரே மூட்டைக்குள் மூன்று சரக்குகள். கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4). ஜமீன்தாரி ஒழிப்பு முதலான நிலச் சட்டங்களை நீதிமன்றத்திலிருந்து காப்பாற்ற 31ஏ, 31பி பிரிவுகளும் 13 சட்டங்கள் அடங்கிய ஒன்பதாவது அட்டவணையும். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவற்றைச் சேர்த்த புதிய 19(2).

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதை யார் கேட்டார்கள்? 15(4)ஐத் தெரு கேட்டது. நிலச் சட்டங்களுக்குப் பின்னால் விவசாயிகளின் நெடும் போராட்டம் இருந்தது. பொது ஒழுங்கை யார் கேட்டார்கள்? அதற்காக எந்த ஊரிலும் யாரும் கடையடைக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. கேட்டவை அரசுகள், அவற்றின் உள்துறைகள். மக்கள் கேட்டதும் போலீஸ் கேட்டதும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் சட்டமாயின. எதிர்ப்பவரைப் ‘பிற்போக்காளர்’ என்று சொல்லிவிடும் வசதியும் இந்த மூட்டையில் கிடைத்தது. பேச்சுரிமைக் கட்டுப்பாட்டை மிகக் கடுமையாக எதிர்த்தவர் சியாமா பிரசாத் முகர்ஜி என்பது அந்த வசதியை இன்னும் கூட்டியது. தெரிவுக் குழுவில் நடந்த இழுபறியில் மிஞ்சியது ‘நியாயமான’ என்ற ஒரு சொல். கட்டுப்பாடு ‘நியாயமான’தாக இருக்க வேண்டும் என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பின்வந்த வழக்குகள் பலவும் நடந்தன.

சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் திருத்தத்தை முழுமையாக ஆதரித்து வாதிட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. செண்பகம் தீர்ப்பை அவர் வெளிப்படையாகவே விமர்சித்தார். அவரை மேற்கோள் காட்டி 19(2)ஐயும் சமூகநீதிக் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு அமைச்சர் இரண்டையும் சேர்த்து வாதிட்டார் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. 15(4)க்காகப் பேச்சுரிமையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மொழியையும் கொஞ்சம் கவனிக்கலாம். அன்று திராவிட இயக்கத்தார் பயன்படுத்திய சொல் ‘வகுப்புரிமை’. இன்று நாம் சொல்வது ‘இடஒதுக்கீடு’. உரிமை போய் ஒதுக்கீடு வந்தது. ஒதுக்கு என்ற வேருக்குத் தமிழில் என்னென்ன பொருள் உண்டு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். யாரோ ஒருவர் தம் பந்தியில் ஓரமாக இடம் விட்டது போன்ற தொனி அதில் வந்துவிட்டது. கருத்துரிமையோ உரிமையாகவே நீடித்தது, அதனாலேயே அது வேறு யாருடைய சொத்தோ போலவும் ஆனது. அடுத்தது ‘ஒழுங்கு’. ஒழுக்கத்தோடு பிறந்த சொல். அப்பா சொல்வதும் ‘ஒழுங்கா இருடா’தான், வாத்தியார் சொல்வதும் அதுதான், இன்ஸ்பெக்டர் சொல்வதும் அதுதான். ‘பொது ஒழுங்கு’ தமிழுக்குள் நுழையும்போதே ஒரு கட்டளையாக நுழைகிறது. சேரிக்காரன் தோளில் துண்டு போட்டால் கெடுவதும் அந்த ஒழுங்குதான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

மூட்டையைப் பிரிக்காமல் வாங்கியதற்கான விலை சீக்கிரமே தெரிந்தது. 1962இல் கேதார்நாத் வழக்கில் ராஜத்துரோகப் பிரிவு 124ஏ உயிர் பிழைத்தது ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். அந்தப் பிரிவு ஒழிய வேண்டும் என்று 1951 விவாதத்தில் நேருவே சொல்லியிருந்தார். 1963இல் பதினாறாவது திருத்தம் 19(2)இல் ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்பதைச் சேர்த்தது. அதன் குறி திராவிட நாடு கேட்ட தி.மு.க. அதே ஆண்டில் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 124ஏயை உச்ச நீதிமன்றம் 2022இல் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் அது வேறு பெயரில் குடியேறியிருக்கிறது.

அதிகாரத்துக்கு வந்த பிறகு திராவிடக் கட்சிகளின் அரசு என்ன செய்தது? 1987இல் ஒரு அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியருக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. 2003இல் ‘இந்து’ நாளிதழின் பொறுப்பாளர்களையும் ‘முரசொலி’ ஆசிரியரையும் சிறையிலடைக்கத் தீர்மானம் போட்டது. இதற்கு 19(2)கூடத் தேவைப்படவில்லை, உரிமை மீறல் போதுமானதாக இருந்தது. பேரவைக்கு இருக்கிற ‘உரிமை’ மட்டும் எப்போதும் ஒதுக்கீடாக மாறுவதில்லை!

இரண்டு கதைகளும் நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்று உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம். பொய்யான சாதிச் சான்றிதழோடு ஐ.ஏ.எஸ். ஆகும் பிராமணப் பெண்ணைக் கதாநாயகியாக்கி இடஒதுக்கீட்டைக் குறை சொன்ன படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்தை அடக்குவது அரசின் வேலையல்ல, மிரட்டலை அடக்குவதுதான் வேலை என்றது. படத்தின் அரசியல் மோசமானது, சான்றிதழ் மோசடியைக்கூடப் பிராமணத் துயரமாக்கிக் காட்டும் தந்திரம் அதில் உண்டு. ஆனாலும் தடையைக் கேட்டது தவறு என்றே சொல்ல வேண்டும். ஒரு சினிமா போட்டால் விழுந்துவிடும் அளவுக்கு வகுப்புரிமை பலவீனமானதா என்ன? அதைவிட முக்கியமாக, ‘ஒழுங்கு கெடும்’ என்ற அந்த வாதம் யாருடையது? ‘கிராஸ் ரோட்ஸ்’ஸைத் தடுத்த குமாரசாமி ராஜா அரசின் வாதம். இன்று ஒரு தலித் கவிதைக்கு எதிராகவும், சாதி மறுப்புத் திருமணத்தைக் கதையாக்கும் எழுத்தாளனுக்கு எதிராகவும் ஆதிக்க சாதிச் சங்கங்கள் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்கும் மனுவிலும் அதே வாதம்தான் இருக்கிறது.

இதனால் முதல் திருத்தத்தையே தூக்கி எறி என்று சொல்வதற்கில்லை. தமிழகத்தின் 69 சதவீதச் சட்டம் 1994இல் எழுபத்தாறாவது திருத்தத்தின் மூலம் போய்ச் சேர்ந்த ஒன்பதாவது அட்டவணை, முதல் திருத்தம் கட்டிய வீடு. அந்த வீட்டில் இருந்துகொண்டே அதன் ஒரு பகுதி காவல் நிலையமாக இருப்பதைப் பார்க்க முடியும், பார்த்தாக வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் பேசும் நண்பர்கள் 1951ஐச் சொல்லும்போது அந்த 14 இடங்களின் கணக்கையும் சேர்த்தே சொல்லட்டும். சொல்லாவிட்டால் அவர்களுடைய குடிமகனுக்கு இன்னும் குடுமி இருக்கிறது என்றுதான் பொருள். சமூகநீதி பேசும் தோழர்கள் வெற்றிக் கதையைச் சொல்லும்போது, வகுப்புரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடிய அதே அரசின் காலத்தில்தான் சேலம் சிறையில் அந்த 22 பேர் செத்தார்கள் என்பதையும் சொல்லட்டும். அடுத்த மூட்டை வரும்போது பிரித்துப் பார்த்து வாங்குவதற்காவது அது உதவும்.