இசக்கியின் கையும் மாமன்னனின் நாற்காலியும்

தலித் பத்திரிகையில் சினிமாக் காமெடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. தமிழ் சினிமா என்கிற பெரிய வீட்டுக்குள் நம்ம சனம் வெகுகாலம் கொல்லை வாசல் வழியாகத்தான் போய்வந்தது. அந்தக் கொல்லை வாசலுக்குப் பெயர்தான் காமெடி டிராக். முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், கொட்டடிக்கிறவர், பண்ணையாள், இவர்களைப் படத்தில் காட்ட வேண்டுமென்றால் நகைச்சுவை நடிகர் தலையில் கட்டிவிடுவார்கள். சாதிப் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே ஊருக்கு விளங்கும்.

எனக்கு இந்தக் காமெடிகள் ரொம்பப் பிடிக்கும். எங்க சங்கரன்கோவில் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் செல்போனில் கவுண்டமணியோ வடிவேலுவோ ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வரும். சிரிப்பு வரட்டும், அதைத் தடுக்க நான் யார்? ஆனால் யாரைப் பார்த்து, யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாம்ல?

கொஞ்சம் பின்னால் போவோம். 1942-ல் ஜெமினியின் ‘நந்தனார்’ படம் வந்தது. தில்லைக்குப் போகத் தவித்த நந்தன், ஆண்டையிடம் கெஞ்சி, கடைசியில் நெருப்பில் இறங்கின பழைய கதை. 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபம் பண்ணினார். கிந்தனுக்குச் சாமி தரிசனம் வேண்டாம், படிப்பு வேண்டும். நெருப்பில் இறங்கியவனைக் கலைவாணர் ரயிலில் ஏற்றிவிட்டார். பக்தி கேட்ட உடலைக் கல்வி கேட்க வைத்தது ஒரு நகைச்சுவை. அதில் கேலிக்கு ஆளானது தீண்டாமை, நந்தன் இல்லை. காமெடியால் இது முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அதற்குப் பிறகு வந்த கிராமத்துப் படங்களில் இந்த வழி அடைபட்டுப் போனது. கவுண்டமணி–செந்தில் ஜோடியை எடுத்துக்கொள்வோம். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) சைக்கிள் கடையிலிருந்து ‘கரகாட்டக்காரன்’ (1989) ஆட்டக் குழு வரைக்கும் ஒரே அமைப்புதான். கவுண்டமணி பெரிய மனுஷனும் இல்லை, பணக்காரனும் இல்லை. ஆனாலும் உதைக்க அவருக்குக் கீழே ஒருவன் வேண்டும். அவன் செந்தில். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பாடம் நடத்த வேண்டுமானால் இந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டலாம். மேலே இருப்பவன் மிதிப்பது வலிக்கக்கூடாது என்றால் கீழே ஒருத்தனைக் காட்டிவிட்டால் போதும்.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. ரெண்டு பழம் வாங்கி வரச் சொன்னால் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்று கேட்டால் கையிலிருக்கும் ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டுகிறானே, அங்கே தோற்பது யார்? உதைக்கிறவன்தான். கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அவன்தான். பண்ணையில் வேலை பார்த்த நம்ம தாத்தாமாருக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும். சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியைக் கிறுக்காக்குகிற வித்தை. அடிமைப்பட்டவனின் கலகம் பல நேரம் மந்தபுத்தி வேஷம் போட்டுத்தான் வரும். எங்க சனம் செந்திலைப் பார்த்துச் சிரித்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. செந்திலாகவும் இருந்து சிரித்தது.

இப்போது ‘தேவர் மகன்’ (1992). கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். இன்றைக்கும் இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. திரைக்கதை, ஒளிப்பதிவு, சிவாஜியின் நடிப்பு என்று அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். நான் பார்ப்பது இசக்கியை. வடிவேலு நடித்த இசக்கி. பங்காளிப் பகையில் பூட்டிக் கிடந்த கோயிலை, பட்டணத்திலிருந்து வந்த பெரிய வீட்டுப் பிள்ளை பார்க்க ஆசைப்படுகிறார். கூட நின்ற இசக்கிக்குக் கை போகிறது. ஆசை ஒருத்தருக்கு, வெட்டு இன்னொருத்தனுக்கு. கையிழந்த இசக்கி ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு, சாப்பிடுவதற்கும் கழுவுவதற்கும் இனி ஒரே கை என்று தன்னையே பகடி செய்கிறான். கொட்டகையில் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. இசக்கிக்கு ஒரு கோபம்கூடப் படத்தில் எழுதப்படவில்லை. அவன் கை நாயகனின் மனமாற்றத்துக்குப் போட்ட மூலதனம். அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் பாட்டு தென்மாவட்டங்களில் என்ன வேலை பார்த்தது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாயைச் சேரிப் பக்கம் திருப்பிவைத்து அதைப் போடுவதே ஒரு அறிவிப்புதான். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் நொறுக்கியது. படத்தால் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டு ஒலித்த காற்றும் அதே காற்று என்றுதான் சொல்லுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் கழித்து, 2023 ஜூனில், மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ வந்தது. இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே சொன்னார். தமிழ் சினிமாவில் ஒரு பிரதி இன்னொரு பிரதியை இத்தனை நேராக மடக்கிக் கேட்டது அபூர்வம். நடிகரும் அதே வடிவேலு. ‘வின்னர்’ (2003) கைப்புள்ள தொடங்கி அடி வாங்குவதையே தொழிலாக வைத்துச் சிரிக்க வைத்த உடம்பு. அந்த உடம்பு, தனித்தொகுதியில் ஜெயித்த எம்.எல்.ஏ.வாக, சொந்தக் கட்சிக்காரன் வீட்டில் நாற்காலி கிடைக்காமல் நிற்கிறது. சிரிக்கத் தயாராக வந்தவனுக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

சங்கரன்கோவிலும் தனித்தொகுதிதான். எந்தக் கட்சி ஜெயித்தாலும் எஸ்.சி. எம்.எல்.ஏ.தான் வருவார். ஆகவே அந்த நாற்காலிக் காட்சி எங்களுக்கு வெறும் கதை இல்லை. பதவி சட்டத்தில் இருக்கிறது. உட்காருகிற உரிமை யார் கையில் இருக்கிறது?

ஆனாலும் ‘மாமன்ன’னிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வடிவேலுவுக்கு நாற்காலி கொடுத்த படம் அவருடைய சிரிப்பை வாங்கிவைத்துக்கொண்டது. மரியாதை வேண்டுமென்றால் சிரிப்பை விட்டுவிட வேண்டும் என்பது மேல்சாதிக்காரன் வகுத்த இலக்கணம். அதை நாம் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? இன்னொன்றும் நடந்தது. படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும், ஃபகத் ஃபாசில் நடித்த சாதிவெறியன் ரத்தினவேலுவை வெட்டி ஒட்டி, சாதிப் பாட்டைச் சேர்த்து, அவனையே நாயகனாக்கிப் பரப்பினார்கள். கல்ட் படம், கல்ட் பாத்திரம் என்கிறார்களே, அது இப்படியும் உருவாகும். இயக்குநர் எழுதியது ஒன்று, ஆதிக்கசாதி இளைஞன் கையிலிருந்த செல்போன் எழுதியது வேறொன்று.

மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) சிரிப்பை விடாமல் வைத்திருக்கிறது. பெயர்கூட இல்லாத ஒரு முடிவெட்டுகிறவர், யோகி பாபு. வடக்கூர் தெக்கூர் சண்டையில் அவருடைய ஒரு ஓட்டு ஊர்த் தலைவரைத் தீர்மானிக்கப்போகிறது. நேற்றுவரை கொல்லைப்பக்கம் கூப்பிட்டவன் இன்று விருந்து வைக்கிறான். கேலி ஓட்டுக் கேட்கிறவன் மேல் திரும்புகிறது. கிந்தனார் வழியில் வந்த படம் இது. நிஜச் சாதிப் பெயர்களைச் சொல்லாமல் நழுவுவது அதன் பலவீனம்.

பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012) எனக்கு இவையெல்லாவற்றையும்விட நெருக்கம். அதில் யாரும் கை இழக்கவில்லை, யாரும் நியாயம் கேட்டுப் பேசவில்லை. ஒரு பையன் காதலித்துத் தோற்கிறான், மறுபடி காதலிக்கிறான், கெத்துக் காட்டுகிறான், அசடு வழிகிறான். நம்ம பையனுக்கு அசடு வழிகிற உரிமை உண்டு என்று ஒரு படம் சொன்னது சின்ன காரியமில்லை. எப்போதும் செத்துக்கொண்டோ வீரனாகவோ மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் ஒருவகை ஒதுக்குதல்தான்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2022 செப்டம்பரில் எங்க ஊருக்குப் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் ஒரு வீடியோ எடுக்கப்பட்டது. மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்க என்று கடைக்காரர் சொல்கிறார். அதைப் படம் பிடித்துப் பரப்பியதும் அவர்கள் பக்கமே. போலீஸ் வந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் வந்தது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். நான் கேட்பது, எந்த ரசனை அந்தக் கேமராவைத் தூக்க வைத்தது? யார் பார்த்து ரசிப்பார்கள் என்று நம்பி அதை அனுப்பினார்கள்? இசக்கியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம்மிடம் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. களையெடுப்பில் பண்ணையாரை நடித்துக் காட்டும் பாட்டிமார், எழவு வீட்டிலும் நையாண்டி பேசும் மாமன்மார் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பாமா 1996-லேயே ‘கிசும்புக்காரன்’ என்று கதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். மாணவத் தோழர்களே, சாட்சியங்களைச் சேகரிக்கப் போகிறபோது காயத்தை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். அந்தக் கிசும்பையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் நம்ம சிரிப்பையும் அவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள்.